ஆயிரம் தோட்டங்கள்

அவசரத்துக்குக் கைமாத்து யாரிடம் கேட்பீர்கள்,
ஐந்து பெயர் சொல்லுங்கள்.
படிவத்தில் ஐந்து கோடுதான்.
ஆறாவது பெயருக்கு வாயெடுத்த வேலம்மாவிடம்
இடமில்லை அக்கா என்றேன்.
"அப்ப அவகிட்ட இனி வாங்க வேணாமா?"
சிரித்தோம். அந்த ஆறாவது ஆள் யாரென்று
கேட்காமலே அடுத்த காம்பராவுக்குப் போனேன்.

மேல் லயம், கீழ் லயம், நடுவில் ஓடை.
எண்பத்தாறு வீடு.
கொழுந்து நிறுத்து ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்துப்
பதினேழு நாள் ஏறி இறங்கினேன்
காலுறைக்குள் அட்டையோடு.
கொடுத்தோம் என்று சொன்னவர்களின் கணக்கு
வாங்கினோம் என்றவர்களுடையதைவிட ஒன்றரை மடங்கு.
யார் பொய் சொன்னார்கள்? யாருமில்லை.
கொடுத்தது கல்லில் கிடக்கும்,
வாங்கியது தேத்தண்ணியில் சீனி.
வாங்கினோம் என்றதை மட்டும் எடுத்துக்கொண்டேன்:
இருநூற்றுப் பதினான்கு அம்புக்குறிகள்.

பொகவந்தலாவையில், சில்லறைக் கடைக்கு மேலே என் அறை.
கணினியில் வலையை விரித்தபோது
இரண்டு தேன்கூடு தெரிந்தது.
ஓடையைத் தாண்டிய கடன்
மூன்றே மூன்று.

தற்செயலாக இப்படி அமையுமா?
கேட்பதற்கு ஒரு வழி உண்டு.
கடன்களைத் தொடக்கூடாது.
வீட்டு விலாசங்களை மட்டும்
சீட்டுக்கட்டுப்போலக் கலைத்துப் போடவேண்டும்.
ஒருமுறை கலைத்தால் ஒரு தோட்டம்.
ஆயிரம் முறை கலைத்தேன்,
கீழே முதலாளி ஷட்டர் இழுத்த பிறகும்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது தோட்டத்தில்
மருதவீரன் குடும்பமும் பூங்காவனம் குடும்பமும்
ஒரே சுவரின் இரு பக்கம்.
காமன் கூத்தில் ரதி வேஷம் யாருக்கு என்று
மண்டை உடைந்த அந்த வருடம்
அங்கே வரவேயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.
(கணினி அப்படிச் சொல்லவில்லை.)
எந்தத் தோட்டத்திலும் ஓடை தாண்டிய கடன்
எழுபத்தொன்பதுக்குக் குறையவில்லை.
மூன்று என்பது
இந்த ஒரு தோட்டத்தில் மட்டும்,
பஸ் போகும் இந்தத் தோட்டத்தில்.

பேராதனையிலிருந்து கலாநிதி கேட்டார்:
தூரத்தைக் கணக்கில் சேர்த்தீரா?
மறுநாள் போய் அளந்தேன்.
நூற்று முப்பத்தொரு எட்டு, ஒரு மரப்பாலம்.
சேர்த்தேன்.
அந்தப் பாலத்துக்கு அவ்வளவு பலமில்லை,
எண் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

பிறகுதான் பார்த்தேன்,
மூன்று கோடும் போய் முடிவது ஒரே புள்ளியில்.
நாற்பத்தேழாம் எண். புவனமலர்.
பிள்ளை மடுவத்தில் வேலை.
இரண்டு லயத்துப் பிள்ளைகளும்
ஒரே படங்கில் படுத்துத் தூங்கும் இடம்.
அந்தப் புள்ளியை அழித்துப் பார்த்தேன்.
வலை சத்தமில்லாமல் இரண்டாகி
திரையின் இரு ஓரத்துக்கு விலகியது.
அவசரமாய்த் திரும்ப வைத்தேன்,
யாரோ பார்த்துவிட்டதுபோல.

அவளுடைய படிவம் ஐந்து கோடும் வெறுமை.
"நான் இங்க யார்கிட்டயும் கேக்கிறதில்ல."
இங்க என்ற சொல்லை நான் எழுதவில்லை.
பால்மா டின்னுக்குள் காசோடு மடங்கியிருந்தது
டவுன் அடகுக்கடைச் சீட்டு.
அந்தக் கடை என் எல்லைக்கு வெளியே,
அதற்கு எண் கிடையாது.

டின்னுக்குள் என்ன இருந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்?
கடைசி நாள் பர்ஸ் எங்கேயோ விழுந்துவிட்டது.
கவ்வாத்து வெட்டிய மலையில் அரைமணி தேடினேன்.
ஹட்டன் வரை போகவேண்டும்.
அவள் எண்ணிக் கொடுத்தாள், முந்நூற்று நாற்பது,
பெயர் எழுதிக்கொள்ளவில்லை.

அறிக்கை, பக்கம் ஒன்பது:
எண் 47இன் இடைநிலை மதிப்பு அசாதாரணமாக உயர்ந்தது,
மேலும் ஆராயப்படவேண்டியது.
ஆய்வாளர் வலையில் சேரமாட்டார், அது விதி.
அறிக்கை போன வாரம் பேராதனைக்குப் போய்விட்டது.
முந்நூற்று நாற்பது ரூபாய்
இன்னும் போகவில்லை.